பத்து ரூபா கலரும் ஒரு ஐஸ்பெட்டியும்

போன சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுக்குத் திடீர்னு ஏழு பேர் வந்து இறங்கிட்டாங்க. தங்கமணி கண்ணாலயே ஆர்டர் போட்டாங்க: "போய் கலர் வாங்கிட்டு வாங்க."

இந்த "கலர்"ங்கற வார்த்தையை இப்போ இருக்கற பசங்க கிட்ட சொன்னா பெயிண்ட் வாங்கறதான்னு கேக்கறாங்க. நம்ம ஊர்ல விருந்தாளி வந்தா கொடுக்கறது கலர்தான். கோக்கோ, ஆரஞ்சோ, பன்னீர் சோடாவோ, கொஞ்சம் நிறமும் கொஞ்சம் கேஸும் இருந்தா அது கலர். ஒரு சொல்லுக்குள்ள அத்தனை பிராண்டையும் அடக்கின ஊரு இது. அப்புறம் எப்படி பத்து ரூபா கலர் வேற, இருபது ரூபா கலர் வேறன்னு ஆச்சு? அதைத்தான் இந்தப் பதிவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்திப் பார்க்கப் போறேன்.

மயிலாப்பூர்ல எங்க தெருமுனை அண்ணாச்சி கடையில மூணு வகை வாங்கினேன். ரிலையன்ஸ்காரங்களோட கேம்பா, பத்து ரூபா பாட்டில். கோக், இருபது ரூபா பாட்டில். நம்ம பொவண்டோ. வர்ற வழியிலேயே மூளைக்குள்ள விஞ்ஞானி முழிச்சுக்கிட்டார். வீட்டுக்கு வந்து மூணையும் ஒரே நேரம் ஃப்ரிட்ஜுல வெச்சு, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி, எது எதுன்னு கண்டுபிடிங்கன்னு விருந்தாளிங்க கிட்டயே பரிசோதனை!

பொவண்டோவை எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்க. அந்தத் திராட்சை வாசனை மறைக்க முடியாதது. ஆனா கோக்கையும் கேம்பாவையும் ஏழு பேர்ல நாலு பேர் மாத்திச் சொன்னாங்க. "இதான் ஒரிஜினல், தொண்டையில நிக்குது பாரு"ன்னு எங்க சித்தப்பா சர்டிபிகேட் கொடுத்தது பத்து ரூபா பாட்டிலுக்கு :-)

அதோட விட்டிருக்கலாம். சாயங்காலம் மீதி இருந்ததை வெச்சு ரெண்டாவது ரவுண்டு நடத்தினேன். இந்தத் தடவை ஒண்ணை மட்டும் நல்லா ஜில்லுனு வெச்சுட்டு, மத்த ரெண்டையும் வெளியில வெச்சுட்டேன். ஜில்லுனு இருந்தது எதுவோ அதுதான் "பெரிய கம்பெனி சரக்கு"ன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. ஜில்லுனு வெச்சது கேம்பாவை.

ஏழு பேரை வெச்சு நடத்தினதை ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு சந்தேகம் ஒட்டிக்கிச்சு. நாம காசு கொடுக்கறது உள்ள இருக்கற தண்ணிக்கா, இல்ல குளிருக்கா? எந்த கோலாவை எடுத்தாலும் பத்துல ஒன்பது பங்கு தண்ணி. 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை. மீதி கேஸ், கேரமல், கொஞ்சம் ஆசிட், வாசனை. ரகசிய ஃபார்முலா அது இதுன்னு கதை இருக்கட்டும். இந்த வியாபாரத்தோட நிஜமான ரகசியம் பாட்டிலுக்கு வெளியிலதான் இருக்குன்னு தோணுது.

சரி, குளிரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மெட்ராஸ்ல குளிர் முதல்ல வந்தது கப்பல்ல. மெரினாவுல இன்னிக்கு விவேகானந்தர் இல்லமா இருக்கற கட்டடத்தோட பழைய பேரு ஐஸ் ஹவுஸ். பக்கத்து ஏரியாவுக்கே அந்தப் பேருதான். 1842ல அமெரிக்காக்காரர் ஃபிரெடரிக் டியூடர் கட்டினது. அமெரிக்காவோட வடகிழக்கு மாநிலங்கள்ல குளிர்காலத்துல ஏரி உறையும். அதைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, மாசக்கணக்கா கப்பல்ல கொண்டு வந்து இங்க அடுக்கி வெச்சாங்க. வாங்கினது துரைமாரும் பணக்காரங்களும். நம்ம முப்பாட்டன் ஜில்லுனு ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டார். அப்புறம் இங்கேயே மெஷின்ல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் டியூடரோட வியாபாரம் படுத்துடுச்சு.

அடுத்தது பாட்டில். ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் 1872ல பேடண்ட் வாங்கினதுதான் நம்ம கோலி சோடா பாட்டில். எவ்வளவு அழகான யோசனை பாருங்க. பாட்டிலைத் தலைகீழா வெச்சு தண்ணியும் கேஸும் நிரப்புவாங்க. உள்ள இருக்கற கோலி கேஸோட அழுத்தத்துல கழுத்துல இருக்கற ரப்பர் வளையத்துல போய் அழுந்தி உக்காந்துக்கும். மூடி வேண்டாம், தக்கை வேண்டாம். கட்டை விரலாலயோ மரக்கட்டையாலயோ ஒரு அமுக்கு, "டொப்"! கழுத்துல ஒரு பள்ளம் இருக்கும். ஊத்தும்போது கோலி அங்க தங்கிடும், வாயை அடைக்காது.

இந்த பாட்டில்னாலதான் சோடா மலிவாச்சுன்னு நினைக்கறேன். கையால சுத்தற ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், நூறு இருநூறு பாட்டில் இருந்தா ஒரு ஆள் ஒரு ஃபேக்டரி. காலையில சைக்கிள்ல நாலு தெருவுக்குப் போட்டுட்டு, சாயங்காலம் காலி பாட்டிலை அதே சைக்கிள்ல எடுத்துட்டு வந்துடலாம். விளம்பரம் கிடையாது, லாரி கிடையாது. கட்சிக் கூட்டத்துல தொண்டை கட்டின பேச்சாளருக்கு நீட்டறதும் அதுதான், கூட்டத்துல அடிதடி வந்தா பறக்கறதும் அதுதான். பல்நோக்குத் திட்டம்!

இப்போ கடையே தன் பேர்ல கலர் விக்கற விஷயத்துக்கு வருவோம். ஸ்டோர் பிராண்டுன்னு சொல்றாங்களே, அது ஏதோ சூப்பர் மார்க்கெட் வந்தப்புறம் வந்த புதுசுன்னு நினைச்சிருந்தேன். இல்லவே இல்லை. மவுண்ட் ரோடு ஸ்பென்சரை எடுத்துக்கோங்க. 1860கள்ல ஆரம்பிச்ச கடை. யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்தப்புறம் பெருசாகி, 1895ல அந்த செங்கல் சிவப்புக் கட்டடத்துக்குப் போனது. அந்தக் கடை தன் பேர்லயே சோடா தயாரிச்சு வித்தது. ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளையும் ஸ்பென்சரே நடத்தினதால, ஸ்டேஷன்லயும் அவங்க சரக்குதான்.

கவனிங்க, அது மலிவுச் சரக்கு இல்லை. ஸ்பென்சர் சோடான்னா ஒசத்தி. "கண்ட தண்ணியில செஞ்சதில்ல, ஸ்பென்சர்"னு எங்க தாத்தா பெருமையா சொல்வார். தெருவுல கோலி சோடா மலிவு, கடைப்பேர் போட்ட சோடா விலை அதிகம். இன்னிக்கு அப்படியே தலைகீழ். கடைப்பேர்னா மலிவு, ஊர் தெரிஞ்ச பேர்னா விலை. தண்ணியும் கேஸும் அன்னிக்கும் அதேதான். மாறினது யார் கையில வாடிக்கையாளர் இருக்காங்கங்கறதுதான். அன்னிக்கு பணக்கார வாடிக்கையாளரும் ரயில் பயணியும் ஸ்பென்சர் கையில. அதனால சோடா மேல தன் பேரை ஒட்டி கூட வெச்சு விக்க முடிஞ்சுது.

தெருவுக்கும் ஸ்பென்சருக்கும் நடுவுல இன்னொரு ஆள் வளர்ந்தார். 1916ல விருதுநகர்ல பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் ஆரம்பிச்ச காளிமார்க். சோடாவுல தொடங்கி, 1950கள்ல பொவண்டோவுக்கு வந்தாங்க. நூறு வருஷம் தாண்டி இன்னும் அதே குடும்பத்துத் தொழில். தென் மாவட்டத்துலேருந்து மெட்ராஸ் வந்து மளிகைக் கடை வெச்ச அண்ணாச்சிங்களுக்கு அது ஊர்ச் சரக்கு. ஆனா காளிமார்க்கும் சரி, மத்த உள்ளூர் கம்பெனிங்களும் சரி, எவ்வளவு பாட்டில் கையில இருக்கோ அவ்வளவு தூரம்தான் போக முடியும். ஒரு கிரேட்டுக்கு 24 கண்ணாடி பாட்டில். ஒவ்வொண்ணும் முதலீடு. போனது திரும்பி வரணும். அதனாலதான் கடையில "பாட்டிலைக் குடுத்துட்டுப் போங்க, இல்லன்னா டெபாசிட் குடுங்க"ன்னு பிடிவாதமா கேப்பாங்க.

1977 கதை நம்ம மக்கள் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிங்க தங்களோட பங்கை 40 சதவீதமா குறைக்கணும். ஜனதா ஆட்சி, தொழில் மந்திரி ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். கோகோ கோலா மூட்டை கட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். அரசாங்கமே கோலா செய்ய இறங்கினது! மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஃபார்முலா கொடுக்க, மாடர்ன் பிரெட் தயாரிச்ச மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் அதை விக்க, பேரு "77". ஆட்சி மாறின வருஷத்தையே பாட்டில்ல ஒட்டினாங்க. 1980ல ஆட்சி மறுபடி மாறினதும் பானத்தோட கேஸும் இறங்கிடுச்சு.

அரசாங்கத்தால முடியாததை ரெண்டு பேர் செஞ்சாங்க. ஒண்ணு பார்லேயோட தம்ஸ் அப். இன்னொண்ணு பியூர் டிரிங்ஸ் நிறுவனத்தோட கேம்பா கோலா. பியூர் டிரிங்ஸ் யாருன்னா, அதுவரைக்கும் இந்தியாவுல கோகோ கோலாவையே பாட்டில்ல அடைச்சுக் கொடுத்தவங்க. ஃபார்முலாதான் ஊரை விட்டுப் போனது. ஃபேக்டரி, லாரி, கிரேட், கடைக்காரர் பழக்கம் எல்லாம் இங்கேயேதான் இருந்துச்சு. அது இருந்ததால புது கோலா சட்டுனு ஓடிடுச்சு. "77"க்கு இல்லாம போனது அந்தப் பாதைதான்.

1993ல கோகோ கோலா திரும்பி வந்தப்போ முதல் வேலையா என்ன பண்ணாங்க? பார்லே கிட்டேருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், சிட்ரா, மாஸா எல்லாத்தையும் வாங்கினாங்க. கூடவே ஊர் ஊரா இருந்த பாட்டிலிங் ஆளுங்களோட வலையும் கைக்கு வந்துடுச்சு. ஃபேண்டாவுக்கு இடம் வேணும்னு கோல்ட் ஸ்பாட் கொஞ்ச வருஷத்துல காணாம போச்சு. தம்ஸ் அப் மட்டும் மக்கள் விடாததால தப்பிச்சுது. கேம்பா மெல்ல மெல்ல மங்கி, 2000 வாக்குல கடைகள்ல தேடினாலும் கிடைக்காத பொருளாச்சு.

அப்போ வந்த இன்னொரு ஆயுதம்தான் இந்தப் பதிவோட கதாநாயகன். கண்ணாடிக் கதவு வெச்ச, லைட் எரியற ஐஸ்பெட்டி. கம்பெனிக்காரங்களே கடைக்கு இலவசமா கொடுப்பாங்க. நிபந்தனை ஒண்ணுதான், உள்ள எங்க சரக்கு மட்டும். இது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. ஐரோப்பாவுல இதை ஒரு வழக்காவே எடுத்து விசாரிச்சு, 2005ல கோகோ கோலா கிட்ட எழுதி வாங்கினாங்க. கடையில வேற குளிர் பெட்டி இல்லைன்னா, இலவசப் பெட்டியில குறைஞ்சது 20 சதவீத இடத்துல கடைக்காரர் யார் சரக்கை வேணும்னாலும் வெச்சுக்கலாம்னு. ஒரு கண்டமே உக்காந்து ஐஸ்பெட்டியோட தட்டுகளை எண்ணியிருக்கு!

பெட்டி கடைக்காரரோடதாவே இருந்தா என்ன ஆகும்? அதுக்கு இங்கிலாந்துல பதில் கிடைச்சுது. 1994ல செயின்ஸ்பரி சூப்பர் மார்க்கெட் தன் பேர்ல ஒரு கோலா இறக்கினது. தயாரிச்சுக் கொடுத்தது காட்னு ஒரு கனடா கம்பெனி (பாட்டில் காட் வேற, இவர் வேற). விலை குறைவு, டப்பா சிவப்பு. எங்க டப்பா மாதிரியே இருக்குன்னு கோகோ கோலா சண்டைக்குப் போக, டிசைனை மாத்தினாங்க. ஆனா சரக்கு பிச்சிக்கிட்டுப் போச்சு. ஷெல்ஃப் அவங்களோடது, குளிர் அவங்களோடது, வாடிக்கையாளர் அவங்களோடவங்க. மவுண்ட் ரோடு ஸ்பென்சர் செஞ்ச அதே வேலை, நூறு வருஷம் கழிச்சு. தூக்கிப் போடற பிளாஸ்டிக் பாட்டில் வந்தப்புறம் திருப்பி வாங்கற கவலையும் கடைகளுக்கு இல்லை.

இப்போ நான் கொஞ்சம் நெளிய வேண்டிய இடம்.

2017 ஜனவரி, மெரினாவுல ஜல்லிக்கட்டுப் போராட்டம். நானும் ஆபீஸ் முடிஞ்சு அடையாறுலேருந்து நேரா கடற்கரைக்குப் போய் உக்காந்தவன்தான். வெளிநாட்டு கோலாவைக் குடிக்க மாட்டோம்னு கூட்டம் முழக்கம் போட்டப்போ என் குரலும் அதுல இருந்துச்சு. வெள்ளையனோட பேரவையும் விக்கிரமராஜாவோட பேரமைப்பும் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. எங்க அண்ணாச்சியும் நிறுத்தினார். கடை வாசல்ல அட்டையில எழுதிக்கூட வெச்சார். நான் போய் கையைக் குலுக்கி, "சூப்பர் அண்ணாச்சி!"ன்னு பாராட்டிட்டு வந்தேன்.

சரக்கு எடுக்கலைன்னதும் அவருக்குப் பெட்டி கொடுத்திருந்த கம்பெனி பெட்டியைத் திருப்பி எடுத்துக்கிச்சு (எந்தக் கலர் பெட்டின்னு கேக்காதீங்க). அண்ணாச்சி ஒரு தெர்மாகோல் டப்பாவுல ஐஸ் வாங்கிப் போட்டு, அதுக்குள்ள பொவண்டோவை அடுக்கினார். மத்தியானத்துக்குள்ள ஐஸ் கரைஞ்சுடும். மே மாசம், அக்னி நட்சத்திரம். ஒருநாள் மூணு மணிக்குப் போய் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துட்டு, "என்ன அண்ணாச்சி, கூலிங்கே இல்லையே"ன்னேன். "ஐஸ் இப்பதான் தீந்துது தம்பி, ஒரு அரை மணி பொறுங்க, பையன் கொண்டாறான்"னார். நான் பொறுக்கலை. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், ஏசி காத்துல நின்னு, ஜில்லுனு ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில் வாங்கினேன். என்ன பாட்டில்னு சொல்ல வேண்டாமே. திரும்பி வர்றப்போ அதே கடையைத் தாண்டித்தான் வரணும். கவர் வெள்ளை, உள்ள இருக்கறது நல்லாத் தெரியுது. அண்ணாச்சி பார்த்தார். ஒண்ணும் சொல்லலை.

அடுத்த கோடைக்குள்ள அவர் கடைக்குப் பெட்டி திரும்பி வந்துடுச்சு, உள்ள பழைய சரக்கோட. அட்டையைக் காணோம். கேக்கற யோக்கியதை எனக்கு இல்லை, கேக்கலை. மார்ச்சுல கைகுலுக்கினவங்கள்ல எத்தனை பேர் மே மாசம் அரை மணி பொறுத்தாங்கங்கறதுதான் கணக்கு.

இப்போ கேம்பா. 2022ல ரிலையன்ஸ் அந்தப் பழைய பேரை வாங்கினது. 22 கோடி ரூபாய்னு செய்தி வந்துச்சு. 2023 மார்ச்சுல மறுபடி இறக்கினாங்க. 200 மில்லி பத்து ரூபா. கோக், பெப்சியும் பல இடங்கள்ல பத்து ரூபா பாட்டிலோட வந்து நின்னாங்க. விலை குறைஞ்சது நமக்கு லாபம்தான், மறுக்கலை. ஆனா "பாவம், சின்ன பிராண்டு, பெரியவங்களை எதிர்க்குது"ன்னு யாராவது சொன்னா சிரிப்பு வருது. நாட்டுலயே பெரிய கடைச் சங்கிலியோட சொந்தச் சரக்கு அது. 2025 ஐபிஎல் ஒளிபரப்புக்கு ஸ்பான்ஸர். மலிவா இருக்கறதாலயே ஒருத்தர் சின்னவர் ஆயிட மாட்டார்.

நிஜமான சின்னவர் யாருன்னா கோலி சோடாக்காரர். இனிப்பும் வாசனையும் சேர்த்த கேஸ் பானத்துக்கு ஜிஎஸ்டி வந்த 2017லேருந்து 28 சதவீதமும் அதுக்கு மேல 12 சதவீத செஸ்ஸும். 2025 செப்டம்பர்ல செஸ் போய் நேரா 40 சதவீதம். கோக்குக்கும் அதே வரி, ஜிஎஸ்டி கட்டற அளவுக்கு வளர்ந்த தெருமுனை கலர்க்காரருக்கும் அதே வரி. சின்ன உற்பத்தியாளர்கள் குறைஞ்ச வரியோட முடிச்சுக்கற காம்போசிஷன் திட்டம்னு ஒண்ணு இருக்கே, அதுலேருந்தும் இந்தப் பானங்களை 2019ல வெளியேத்திட்டாங்க. இன்னொரு பக்கம், 2025 மார்ச்சுல கோலி பாப் சோடாவை வளைகுடா நாட்டு லூலூ மார்க்கெட்டுகளுக்கு ஏற்றுமதி பண்றோம்னு மத்திய வணிக அமைச்சகம் பெருமையா அறிவிச்சுது. நாலு தெரு சுத்தி வீடு திரும்பின பாட்டில், இப்போ கப்பல் ஏறுது. நல்லா இருக்கட்டும்.

விருந்தாளி பரிசோதனைக் கதையை மறுநாள் அண்ணாச்சி கிட்ட சொன்னேன். சிரிச்சார். "இதுக்கு எதுக்கு தம்பி டம்ளரு? எங்கிட்ட கேட்டா நானே சொல்லியிருப்பேனே. வர்றவன் பேரைச் சொல்லிக் கேப்பான், கை மட்டும் ஜில்லுனு இருக்கறதைத்தான் எடுக்கும்"னார். அப்புறம் கல்லாவுக்குப் பின்னாடி காட்டினார். பழசா ஒரு ஐஸ்பெட்டி, செகண்ட் ஹேண்ட், சொந்தக் காசு, கரண்ட் பில்லும் அவரோடது. மேல் தட்டுல பொவண்டோ, நடுவுல கேம்பா, கீழ பன்னீர் சோடா. வாசல்ல லைட் போட்டு நிக்கற கம்பெனிப் பெட்டியும் இருக்கு. "அது அவங்களுக்கு, இது எனக்கு"ன்னார்.

"ஒரு பொவண்டோ குடுங்க அண்ணாச்சி"ன்னேன். தொட்டுப் பார்த்தேன். சுமாராத்தான் குளிர்ந்திருந்துச்சு. "இப்பதான் வெச்சேன், ஒரு பத்து நிமிஷம் ஆகும்"னார்.

எட்டு வருஷக் கடன். வெளியில கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

டிஸ்கி 1: 200 மில்லி கோலா எந்தப் பேர்ல இருந்தாலும் நாலஞ்சு ஸ்பூன் சர்க்கரை. டாக்டர் வேண்டாம்னு சொன்னவங்க காளத்தி கடைப் பக்கமும் போகாதீங்க, ரோஸ்மில்க்குலயும் அதே கதைதான் :-)

டிஸ்கி 2: எம்ஆர்பிக்கு மேல "கூலிங் சார்ஜ்"னு ரெண்டு ரூபா வாங்கறது சட்டப்படி தப்பு. ஆனா குளிருக்குத் தனியா ஒரு விலை இருக்குன்னு ஒத்துக்கற ஒரே ஆளும் அப்படி வாங்கறவர்தான்!

உங்க ஊர்ல கலர்னா எது மக்களே? பேரும், இப்பவும் கிடைக்குதான்னும் சொல்லிட்டுப் போங்க.